முக்கால் மில்லிமீட்டர்

அன்புள்ள டேங்கருக்கு,

நான் நலம். உன் நலத்தை இந்த முறை விசாரிப்பதாக இல்லை. முழங்கால் வலி குறைந்து நீ மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டதாக உன் மகள் போனில் சொன்னாள். நல்லதாகப் போயிற்று. உடம்பு முடியாதவளுக்கு இப்படி ஒரு கடிதம் போடுவது பாவமாயிற்றே என்று இரண்டு நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன், இனி அந்தக் கவலை இல்லை. உன்னைப் பட்டப்பெயரில் கூப்பிடவும் மனம் வரவில்லைதான். உன் நிஜப் பெயரை எழுதிப் பார்த்தேன், யாரோ வேற்று ஆளுக்கு எழுதுவதுபோல இருந்தது. அடித்துவிட்டேன்.

நீயும் நானும் சரக்கு அலுவலகத்தில் பதினெட்டு வருஷம் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து ஊராருடைய புகார் மனுக்களைப் படித்தவர்கள். பெட்டி நசுங்கியது, மூட்டை நனைந்தது என்று அழுகையும் சாபமும் கலந்து எழுதிக்கொண்டு வருவார்கள். நீ அவர்களை உட்காரவைத்து, நடந்ததை நடந்த வரிசையில் எழுதுங்கள், திட்டுவதைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம் என்பாய். நானும் அதே வரிசையில் எழுதுகிறேன். உனக்குத் தெரிந்ததையும் எழுதுவேன். தெரிந்ததைத் தெரியாததுபோல வைத்துக்கொள்ள உனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நமக்கு இந்தப் பைத்தியம் பிடித்ததே ஒரு பார்சலால்தான். அனுப்பியவரும் வாங்க வேண்டியவரும் கைகழுவிவிட்டு, ஓரம் கிழிந்து அலமாரியில் இரண்டு வருஷம் கிடந்த பார்சல். ஏலத்தில் நாமே எடுத்துத் திறந்தால் உள்ளே பன்னிரண்டு அட்டைப் பெட்டிகள். ஒவ்வொன்றிலும் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு சரக்கு வண்டி, துண்டு துண்டாக: பக்கப் பலகை, கூரை, ஏணி, சக்கரம், கொக்கி. நாள் முழுக்க நிஜ வண்டிகளின் சேதாரத்தை எழுதிய இரண்டு பேர், மத்தியான இடைவேளையில் பொம்மை வண்டி ஒட்ட ஆரம்பித்தோம். குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கிற உனக்கு டேங்கர் என்றும், எங்கேயும் கடைசியில் வந்து சேருகிற எனக்கு பிரேக் வேன் என்றும் அலுவலகமே பேர் வைத்தது.

பிறகு உன் வீட்டுக்காரருக்கு வேலை மாறி நீங்கள் தொலைதூரம் போனீர்கள். பன்னிரண்டு வருஷம் ஆகிறது. நான் அண்ணன் என்று கூப்பிடுகிற உன் வீட்டுக்காரர் கடைசல் பட்டறையில் கைதேர்ந்தவர், மயிரிழை பிசகினாலும் தூக்கிப் போட்டுவிட்டு மறுபடி கடைகிறவர். கிளம்பும்போது என் கையில் ஒரு பித்தளைக் கட்டையைக் கொடுத்தார். கொக்கி உயரம் பார்க்கிற அளவுக்கட்டை. தண்டவாளத்தின் மேல் வைத்தால் அதன் உதடு எந்த உயரத்தில் நிற்கிறதோ, வண்டியின் கொக்கியும் அதே உயரத்தில் நிற்க வேண்டும். உயரம் ஒன்றானால் வண்டிகள் ஒன்றையொன்று விடாது. உன்னிடம் ஏற்கெனவே ஒன்று இருந்தது, இது எனக்கென்றே செய்தது. அண்ணனிடமிருந்து எனக்குக் கிடைத்த கடைசிப் பொருளும் அதுதான்.

அதற்கப்புறம் நமக்குள் ஓர் ஏற்பாடு. ஒட்டுகிற பொறுமை உனக்குக் கிடையாது, அதனால் கட்டுவது என் பங்கு. என் வீட்டில் இருப்பது ஒரு பழைய கதவுப் பலகை, அதன் மேல் வட்டமாக ஒரு தண்டவாளம், அவ்வளவுதான். மேடு, பள்ளம், பாலம் எல்லாம் உன் மாடி அறையில். அதனால் ஓட்டிப் பார்ப்பது உன் பங்கு. நான் கட்டி அனுப்புவேன், நீ ஓடவிட்டுப் பார்த்து எழுதுவாய். நாற்பத்தொரு வண்டி அனுப்பியிருக்கிறேன். நாற்பத்தொரு முறையும் ஒரே பதில். ஏறியது, இறங்கியது, ஒரு தடவைகூடக் கழலவில்லை, உன் கை தங்கக் கை. நானும் ஏதோ பட்டம் வாங்கியதுபோல அந்தக் கடிதங்களைக் கட்டி வைத்திருந்தேன்.

போன வருஷம் இங்கே ரயில் கண்காட்சிக் கூடம் ஒன்று திறக்கப்போகிறார்கள் என்று உனக்கு எழுதினேன் அல்லவா. இருபத்துநான்கு வண்டி கொண்ட சரக்கு ரயில் ஒன்று வேண்டும் என்றார்கள். அந்தக் கூடத்தின் பொறுப்பாளர் அம்மா கறாரான பேர்வழி. அனுபவம் உண்டா என்று கேட்டார். உன் கடிதங்களைத்தான் எடுத்துப்போய்க் காட்டினேன். படித்துவிட்டு, இந்த அம்மாள் உங்களுக்கு உறவா என்று கேட்டார். உறவில்லை, அதனால் பொய் சொல்ல அவசியமில்லாதவள் என்று சொன்னேன். அதை நினைத்தால் இப்போதும் காது சுடுகிறது.

கண்ணாடிக் கடையில் பார்த்துக்கொண்டிருந்த வேலையை விட்டேன். எட்டு மாதம் சாப்பாட்டு மேஜை என்னுடையது. என் வீட்டுக்காரர் தட்டை மடியில் வைத்துக்கொண்டு சாப்பிட்டார். ஒவ்வொரு பாகத்தையும் பிளாஸ்டிக் காம்பிலிருந்து வெட்டி எடுத்து, காம்பு இருந்த இடத்தை அரத்தால் தேய்த்து, அச்சு உட்காரும் குழியைத் துப்புரவாக்கி, சக்கரம் சுண்டினால் நிற்காமல் சுற்றுகிறதா என்று பார்த்து, அடியில் இரும்புத் தகடு வைத்து, சமையலறைத் தராசில் இருபத்துநான்கையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்தேன். சக்கரங்களைத் தாங்கும் அடிச்சட்டமான போகி வண்டிக்கு இரண்டு, அதில் ஒன்றை இறுக்கி, இன்னொன்றைக் கொஞ்சம் தளரவிட்டேன், தடம் கோணினாலும் எட்டுச் சக்கரமும் ஊன்றி நிற்கட்டும் என்று. கொக்கியில் பென்சில் முனையைச் சுரண்டிய தூள், சிக்காமல் அசைய. திருகாணித் தலையில் வழக்கம்போல ஒரு சொட்டு சிவப்பு நகப்பூச்சு, கழலாமல் இருக்க. இதில் எது குறை என்று சொல்.

திறப்பு விழாவுக்கு முந்தின நாள் கூடத்தின் மெக்கானிக் ஐந்து வண்டியைச் சமதளத்தில் ஓட்டிப் பார்த்தார். நன்றாகத்தான் ஓடியது. ஆனால் அந்த மனுஷர் குனிந்து பார்த்துவிட்டு, "மேடம், கொக்கி கொஞ்சம் தாழ்வா இருக்கிற மாதிரி தெரியுது. ஒரு தடவை அளந்துக்கலாமா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். நான் பையிலிருந்து அண்ணனின் கட்டையை எடுத்து வைத்துக் காட்டினேன். கோடு போட்டதுபோல நேராக நின்றது. தம்பி, என் வண்டியை விட்டுவிட்டு உங்கள் தண்டவாளத்தைப் பாருங்கள் என்றேன்.

மறுநாள் நூறு பேர் நின்றார்கள். இஞ்சின் அவர்களுடையது, பின்னால் என் இருபத்துநான்கு. சமதளத்தில் அழகாக வந்தது. மேடு ஏறி உச்சியில் திரும்பும் இடத்தில் இஞ்சினின் கொக்கி முதல் வண்டியின் கொக்கிக்கு மேலாக வழுக்கிக்கொண்டு போய்விட்டது. இஞ்சின் தனியாக மலையைத் தாண்டிப் போக, என் வண்டிகள் பின்னோக்கி உருண்டன. பாலத்தில் திரும்ப முடியாமல் மேஜை விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தன. கைகோத்த பிள்ளைகள்போல ஒன்றைக்கூட மற்றொன்று விடவில்லை. எல்லாக் கொக்கியும் ஒரே தாழ்வில் இருந்ததால் அவற்றுக்குள் அப்படி ஓர் ஒற்றுமை. ஏணிகள் உடைந்து சிதறின. ஒரு சக்கரம் உருண்டுபோய் யாரோ ஒருவர் செருப்புக்கடியில் நசுங்கியது.

நான் என்ன செய்தேன் தெரியுமா. அத்தனை பேர் முன்னால் அந்த மெக்கானிக்கைப் பிடித்துக்கொண்டேன். பன்னிரண்டு வருஷமாக என் வண்டி மேடும் பள்ளமும் பார்த்தது, ஒரு தடவை கழன்றதில்லை, என்னிடம் எழுத்தில் இருக்கிறது என்று கத்தினேன். பொறுப்பாளர் அம்மா எழுத்தைத்தான் நம்பினார். மறுநாளே அந்த மனுஷரை மேஜைப் பக்கம் வரக்கூடாது என்று சொல்லி, நுழைவாயிலில் சீட்டுக் கிழிக்க உட்காரவைத்துவிட்டார்கள்.

என் பக்கம் நியாயம் என்று இன்னும் பலமாக நிரூபிக்க ஆசை வந்தது. உன் மகளுக்கு போன் செய்து, உன் மாடியில் ஓடுகிற என் பழைய வண்டிகளில் மூன்றை அனுப்பச் சொன்னேன். நீ முழங்காலுக்குப் பயிற்சி எடுக்கப் போயிருந்தாய். அவள், சரி அத்தை என்று அன்றைக்கே கட்டி அனுப்பிவிட்டாள், பாவம். அவளைத் திட்டாதே.

முதல் வண்டியைத் திருப்பிப் போட்டேன். திருகாணியில் சிவப்புப் பூச்சு இருந்தது. அதே சிவப்பு. ஆனால் நான் வைப்பது ஒரு சொட்டு. இது நகத்துக்குப் பூசுவதுபோல ஓரம் பார்த்துப் பூசியிருந்தது. பொறுமை இல்லாதவள் என்று உன்னை நானே சொல்லிக்கொண்டிருந்தேன், அதை இப்போது வாபஸ் வாங்குகிறேன். போகியைக் கழற்றினேன். போகிக்கும் அடித்தட்டுக்கும் நடுவில், வண்டியை உயர்த்திக் கொடுக்க, வட்டமாக ஒரு காகித வில்லை. ஏழு தாளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி வெட்டியது. நீலத் தாள். என் கடிதத் தாள். மேல் தாளில் என் கையெழுத்தில் பாதி எழுத்து தெரிந்தது.

மற்ற இரண்டிலும் அதேதான். நான் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். வண்டிக்கு இரண்டு வில்லை, நாற்பத்தொரு வண்டிக்கு எண்பத்திரண்டு. என் வீட்டுக்காரர் வந்து பார்த்துவிட்டு, வண்டிதானே விழுந்தது, நீயா விழுந்தாய் என்று சமாதானம் சொன்னார். ஆமாம், நான்தான் விழுந்தேன் என்றேன்.

கட்டையை எடுத்துக்கொண்டு நுழைவாயிலுக்குப் போனேன். சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த அந்த மெக்கானிக்கிடம் நீட்டினேன். அவர் பையிலிருந்து அளவு கருவியை எடுத்து, ஒரு தடவைக்கு மூன்று தடவையாக அளந்தார். முக்கால் மில்லிமீட்டர் குறைவு. கட்டையைத் திருப்பித் தந்துவிட்டு அடுத்த சீட்டைக் கிழித்தார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

வரிசையாக எழுதி முடித்தாயிற்று. இனி திட்டலாம் அல்லவா.

நீ என்னை ஏமாற்றினாய். முதல் வண்டி வந்த அன்றே உனக்குத் தெரிந்திருக்கும். ஒரே ஒரு வரி, உன் கட்டை தாழ்வு, வேறு வாங்கிக்கொள் என்று எழுதியிருந்தால் நான் அரை நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பேன், மறுநாள் வேறு கட்டை வாங்கியிருப்பேன். நீ அந்த வரியை எழுதவில்லை. எழுதாதது மட்டுமா, கடையில் தேடி அதே சிவப்பில் நகப்பூச்சு வாங்கியிருக்கிறாய். கடைக்காரரிடம் என்ன சொல்லி வாங்கினாய்? நான் பாசத்தோடு எழுதியதை வெட்டி, என் தப்புக்கு அடியிலேயே முட்டுக்கொடுத்துவிட்டு, தங்கக் கை என்று எழுதினாய். அந்தத் தங்கக் கையை நம்பி வேலையை விட்டேன். அதை நம்பி ஒரு நிரபராதியை நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தினேன். உன் கடிதங்களில் இனி எந்த வரியை நான் நம்புவது? என் மகளுக்கு மூன்றாவது பிள்ளை கலைந்தபோது நீ எழுதியதை நம்பலாமா? அதுவும் அடியில் காகிதம் வைத்ததுதானா?

எனக்கு ஒன்று மட்டும் தெரிய வேண்டும். அப்படி எழுதும்போதெல்லாம் உள்ளுக்குள் சிரித்தாயா?

உன் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று எழுத மனசில்லை. ஆனால் தபால்காரர் எத்தனை மணிக்கு வருவார் என்று எனக்குத் தெரியும்.

இப்படிக்கு,
பிரேக் வேன்

* * *

அன்புள்ள டேங்கருக்கு,

உன் பதினொரு பக்கமும் வந்து சேர்ந்தது. மூன்று முறை படித்தேன். முதல் முறை சமையலறையில் நின்றுகொண்டே, அடுப்பில் பால் பொங்கியதுகூடத் தெரியாமல்.

அண்ணனுக்குக் கை நடுங்க ஆரம்பித்தது அந்த வருஷம்தான் என்று எழுதியிருக்கிறாய். பட்டறையில் யாருக்கும் தெரியாமல் மறைத்துக்கொண்டிருந்தாராம். அந்தக் கட்டையை நாலு தடவை கடைந்து, மூன்றைத் தூக்கிப் போட்டுவிட்டு, நாலாவது சரியாக வந்துவிட்டது என்று உன்னிடம் சந்தோஷமாகக் காட்டினாராம். ஊர் மாறிப் போய் ஏழாவது வாரம் அவர் போய்விட்டார். அதற்கு அடுத்த வாரம் என் முதல் வண்டி வந்து சேர்ந்திருக்கிறது. நீ ஓடவிட்டாய், கழன்றது. அளந்தாய். "அவர் கடைசியா செஞ்சது தப்புன்னு என் வாயால எப்படிடி சொல்றது" என்று நீ எழுதிய இடத்தில் மை கலங்கியிருக்கிறது.

அங்கேதான் நானும் அழுதேன். அதை மறைக்கப் போவதில்லை. நம்மில் ஒருத்தி மறைத்தது போதும்.

முதல் வண்டிக்கு உன்னை மன்னித்தாயிற்று. அந்த வருஷத்து வண்டிகள் எல்லாவற்றுக்கும் சேர்த்தே மன்னித்தாயிற்று. ஆனால் அடுத்த பதினொரு வருஷம்? அதற்கும் ஒரு காரணம் எழுதியிருக்கிறாய். என் பெட்டி வருகிற சனிக்கிழமை, மேஜையில் வண்டியைப் பிரித்து வைத்து, என் கடிதத்தைப் பக்கத்தில் விரித்து, மெதுவாக வில்லை வெட்டி உட்கார்ந்திருப்பாயாம். அன்றைக்கு வீட்டுக்கு ஆள் வந்துபோனதுபோல இருக்குமாம். கட்டையைப் பற்றிச் சொல்லிவிட்டால் அந்தச் சனிக்கிழமை போய்விடும் என்று பயமாம். வண்டி சரியாக வந்துவிட்டால் நான் கடிதம் எழுதுவதை நிறுத்திவிடுவேன் என்று உனக்கு எப்படித் தோன்றியது? உனக்குப் புத்தி இருக்கிறதா இல்லையா?

உள்ளதைச் சொல்கிறேன், கோபம் தீரவில்லை. காரணம்தான் மாறிவிட்டது. அண்ணன் எனக்கும் அண்ணன்தான். அவருக்குக் கை நடுங்கியது எனக்கும் தெரிந்திருக்க வேண்டாமா? அந்தக் கட்டையைப் பன்னிரண்டு வருஷம் தினமும் கையில் எடுத்திருக்கிறேன், அதில் என்ன இருந்தது என்று தெரியாமலே. நீ அங்கே தனியாக அழுதுவிட்டு எனக்குத் தங்கக் கை என்று எழுதியிருக்கிறாய். அழுவதற்கும் ஆகாதவள் என்றால் நான் உனக்கு எதற்கு? வண்டி விஷயத்தைவிட இதுதான் எனக்கு ஆறவில்லை, எப்போது ஆறும் என்றும் தெரியவில்லை.

இங்கே நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். பொறுப்பாளர் அம்மாவிடம் போய் தப்பு என்னுடையது என்று சொன்னேன். எழுதிக் கொடுங்கள் என்றார். கொடுத்தேன், அலுவலகப் பழக்கம், ஒன்று இரண்டு என்று எண் போட்டு. அந்த மெக்கானிக்கை மறுபடி மேஜைப் பக்கம் கூப்பிட்டுக்கொண்டார்கள். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர், பரவாயில்லை மேடம், நீங்கள் திட்டிய பிறகு தண்டவாளத்தையும் பார்த்தேன், அதிலும் ஓர் இடம் சரியில்லைதான் என்றார். எனக்காகச் சொன்னாரோ, நிஜமோ தெரியவில்லை. இந்த வாரம் எனக்கு யார் எதைச் சொன்னாலும் இந்தச் சந்தேகம் வருகிறது, உன் புண்ணியம்.

பொறுப்பாளர் அம்மா மாதக் கடைசிவரை தவணை கொடுத்திருக்கிறார். அதற்குள் இருபத்துநான்கும் சரியாக வர வேண்டும், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார். அந்த மெக்கானிக் தன் அளவுக்கட்டையை இரவல் தந்திருக்கிறார். உடைந்ததை எல்லாம் ஒட்டி, ஒரே ஒரு வண்டியை மட்டும் அந்தக் கட்டைக்குச் சரியாக அடியிலிருந்து மறுபடி கட்டினேன். கதவுப் பலகையில் ஓடுகிறது. ஆனால் அது சமதளம், அங்கே எதுவும் ஓடும். கூடத்து மேஜையைப் பாலத்தோடு கழற்றிப் பழுதுபார்க்கிறார்கள், இரண்டு வாரத்துக்கு அங்கே மேடு கிடையாது. இந்த ஒன்று மேடு ஏறுமா என்று தெரிந்தால்தான் மீதி இருபத்துமூன்றில் கை வைப்பேன். ஏறவில்லை என்றால் என் கையில் ஒன்றுமில்லை என்று நானே போய்ச் சொல்லிவிட்டு விலகிக்கொள்வேன். அதற்கும் தயாராக இருக்கிறேன்.

அந்த வண்டியை இதனோடு அனுப்பியிருக்கிறேன். ஓடவிட்டுப் பார் என்று உன் மகளிடம் கேட்டிருக்கலாம். சொன்னதைச் செய்கிற பெண். யோசித்துப் பார்த்துவிட்டு உன் பெயரைத்தான் மேலே எழுதினேன்.

சனிக்கிழமைவரை வைத்திருக்காதே, வந்த அன்றே எடு. உன் இஞ்சினுக்கும் உன் வண்டிக்கும் நடுவில் இதைக் கோத்து, உச்சி மேட்டில் ஏற்றி இறக்கு, பத்துத் தடவை. கத்தரிக்கோலை மேஜைக்குக் கொண்டுவராதே. உனக்குக் கை துறுதுறுக்கும், எனக்குத் தெரியும். துறுதுறுக்கட்டும். கழன்றால் உருளவிடு. மேஜையிலிருந்து விழுந்தாலும் கை நீட்டிப் பிடிக்காதே.

விழுந்தால், விழுந்தது என்று எனக்கு எழுதடி. உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
பிரேக் வேன்